பிரஸ் பாஸ் யாரு கையில? யூஎஃப்சி, பாக்ஸிங் செய்திகள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூஎஃப்சின்னா கூண்டுக்குள்ள குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைய நடத்தற அமெரிக்கக் கம்பெனி. நம்ம பக்கம் அத பாக்கற கூட்டம் இப்ப நல்லாவே ஏறிடுச்சு, ஞாயித்துக்கிழமை காலைல மெயின் கார்டு, அதாவது முக்கியமான சண்டைங்க, ஆரம்பிச்சா வாட்ஸப் குரூப் எல்லாம் சூடாகிடுது. ரிசல்ட் பிடிக்கலன்னா உடனே வர்ற வார்த்தை "காசு வாங்கிட்டானுங்க". ஜட்ஜ் வாங்கினான், கமென்டேட்டர் வாங்கினான், பத்திரிகைக்காரன் வாங்கினான். இப்படிச் சொல்லிட்டுப் போறது ரொம்ப ஈஸி, ஆனா அப்படிச் சொல்லிட்டா பாரபட்சம் நெஜமா எந்த வழியா உள்ள வருதுன்னு யாருமே பாக்க மாட்டோம். அதனால திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள எடுத்து ஒவ்வொண்ணா எழுதறேன்.

மீடியா பாரபட்சம் எல்லா ஸ்போர்ட்ஸ்லயும் இருக்கே, சண்டைக்கு மட்டும் என்ன தனியா?

இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா சண்டைல ஒரு விஷயம் வேற மாதிரி. யூஎஃப்சிய எடுத்துக்கங்க, வீரரோட கான்ட்ராக்ட் போடறது அவங்க, யாரு யாரோட மோதணும்னு முடிவு பண்றது அவங்க, டிவி ப்ரொடக்ஷன் அவங்களோடது, மைக்குல பேசறவங்களுக்கு சம்பளம் குடுக்கறது அவங்க, சாம்பியன் பெல்ட்டும் அவங்களோடது, ரேங்கிங் வர்றது அவங்க சைட்ல, கடைசியா அரங்கத்துக்குள்ள எந்த ரிப்போர்ட்டர் உக்காரலாம்னு பாஸ் குடுக்கறதும் அவங்களேதான். அமெரிக்காவுல ஜட்ஜும் ரெஃப்ரியும் மட்டும் அந்தந்த மாநில அரசோட விளையாட்டு கமிஷன் போடற ஆளுங்க, அது ஒண்ணுதான் வெளில இருந்து வருது. பாக்ஸிங்ல டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓன்னு நாலு பெல்ட் அமைப்பு தனியா இருக்கறதால அதிகாரம் கொஞ்சம் சிதறிக் கிடக்கு, ஆனா சண்டைய நடத்தற ப்ரொமோட்டர் பிடி அங்கயும் கம்மி இல்ல.

இப்படி ஒரே கை எல்லாத்தையும் பிடிச்சிருக்கும்போது ஒரு ரிப்போர்ட்டர மிரட்டவோ லஞ்சம் குடுக்கவோ தேவையே இல்ல. அடுத்த மாசம் பாஸ் வருமா வராதாங்கற ஒரு நினைப்பு போதும், கேள்வி தானா மெத்துனு ஆகிடும்.

பாஸ் புடுங்கறதெல்லாம் நெஜமாவே நடந்திருக்கா?

நடந்திருக்கு, எல்லாரும் பாக்கவே. 2016 ஜூன் 4, யூஎஃப்சி 199, கலிஃபோர்னியா இங்கிள்வுட்ல ஃபோரம் அரங்கம். எம்எம்ஏ ஃபைட்டிங் தளத்தோட ரிப்போர்ட்டர் ஏரியல் ஹெல்வானி அன்னிக்கு ஒரு செய்தி போட்டார், டபிள்யூடபிள்யூஇ ஸ்டாரும் முன்னாள் யூஎஃப்சி சாம்பியனுமான ப்ராக் லெஸ்னர் யூஎஃப்சி 200ல திரும்ப வந்து சண்டை போடப் போறார்னு. கம்பெனி அத அன்னிக்கு ராத்திரி ஷோவுலயே பெரிய சர்ப்ரைஸா அறிவிக்கறதா வச்சிருந்தது. செய்தி முன்னாடியே வந்துடுச்சு. மெயின் ஈவென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவரையும், கூட வந்த போட்டோகிராஃபர், வீடியோகிராஃபர் ரெண்டு பேரையும் பாஸ வாங்கிட்டு வெளில கூட்டிட்டுப் போய் விட்டுட்டாங்க. வாழ்நாள் தடைன்னு சொல்லி அனுப்பினாங்க. உள்ள மைக்கேல் பிஸ்பிங், வேற ஒருத்தருக்குப் பதிலா கடைசி நேரத்துல வந்த ஆளு, சாம்பியன் லூக் ராக்ஹோல்ட முதல் ரவுண்டுலயே சாய்ச்சு பெல்ட் வாங்கினார், அந்த வருஷத்தோட பெரிய அதிர்ச்சிகள்ல ஒண்ணு அது. அத எழுத வந்த மூணு பேரும் வெளில.

இதுல கவனிக்க வேண்டியது அந்த போட்டோகிராஃபரும் வீடியோகிராஃபரும். செய்தி போட்டது அவங்க இல்லயே. ஒருத்தர் எழுதினதுக்கு கூட வேலை பாக்கறவங்க பிழைப்பும் சேர்ந்து போகும்னு மத்த எல்லா ஆபீஸுக்கும் அன்னிக்கே புரிஞ்சிருக்கும்.

ரெண்டே நாள்ல தடை போச்சு. அடுத்த ஷோவுல ஹெல்வானி அழுதுக்கிட்டே நடந்தத சொன்னார், அமெரிக்காவுல பெரிய பத்திரிகைங்க எல்லாம் எடுத்து எழுதிச்சு, கம்பெனி பின்வாங்கிச்சு. ஆனா பின்வாங்கின அறிக்கைலயே அந்த ரிப்போர்ட்டர் பண்றது பத்திரிகை வேலையோட எல்லைய தாண்டுதுன்னு ஒரு வரி சேத்துதான் விட்டாங்க. அந்த ஆளுக்கு லட்சக்கணக்குல ரசிகர்கள் இருந்ததால சத்தம் வந்துச்சு. பேர் தெரியாத ஒரு சின்ன சைட்டு ஆளுக்கு நடந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

கம்பெனி ரகசியத்த உடைச்சா அவங்களுக்குக் கோவம் வராதா? அது நியாயம்தானே?

கோவம் வரட்டும், அது அவங்க உரிமை. ஆனா அந்த செய்தி சும்மா சர்ப்ரைஸ கெடுக்கற செய்தியா மட்டும் இருந்துச்சான்னு பாருங்க. ரிட்டயர் ஆகி திரும்ப வர்ற ஃபைட்டர் நாலு மாசம் ஊக்கமருந்து டெஸ்டிங்குல இருக்கணும்னு யூஎஃப்சிலயே விதி இருந்துச்சு. லெஸ்னருக்கு அந்த நாலு மாசம் தள்ளுபடி. அறிவிப்பு ஜூன் முதல் வாரம், சண்டை ஜூலை 9. ஜூன் 28 அன்னிக்கு எடுத்த சாம்பிள் ரிசல்ட் சண்டை முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுதான் வெளில வந்துச்சு, ஃபெயில். சண்டை அன்னிக்கு எடுத்ததும் ஃபெயில். எதிர்ல நின்னது மார்க் ஹன்ட், மூணு ரவுண்டு அடி வாங்கி பாயிண்ட்ஸ்ல தோத்தார். அப்புறம் சண்டை நடந்த நெவாடா மாநிலத்தோட கமிஷன் அந்த ரிசல்ட்ட ரத்து பண்ணி, லெஸ்னருக்கு ஒரு வருஷம் சஸ்பென்ஷன், 2,50,000 டாலர் அபராதம். அவருக்கு அந்த ராத்திரிக்கு அறிவிச்ச சம்பளமே 25 லட்சம் டாலர். ஹன்ட் கோர்ட்டுக்குப் போனார், பெருசா பலன் இல்ல.

அப்ப சொல்லுங்க, லெஸ்னர் வர்றார்ங்கற செய்தி எவ்வளவு சீக்கிரம் வெளில வந்தா அவ்வளவு சீக்கிரம் "டெஸ்டிங் எப்படி?"ன்னு கேக்க முடியும்ல. கேள்விக்கு நேரம் கிடைக்கறதுதான் இங்க முக்கியம். அது ஒரு ஆளோட உடம்பு சம்பந்தப்பட்டது.

கமென்ட்ரில ஒரு பக்கமாவே பேசறாங்களே, அவங்க வேணும்னே பண்றாங்களா?

சில நேரம் வேணும்னே மாதிரி தெரியும், ஆனா பெரும்பாலும் பழக்கம். சண்டைக்கு முன்னாடியே ஒரு கதை ரெடியா இருக்கும், இவர் அடுத்த ஸ்டார், அவர் வயசானவர், இவரோட கை பயங்கரம். அந்தக் கதைக்குப் பொருந்தற அடிய கத்தி சொல்லுவாங்க, பொருந்தாததுக்கு சத்தம் வராது. ஸ்டாரோட ஜாப் (முன்னாடி வச்சிருக்கற கையால குத்தற நேர் குத்து) எதிராளி தடுக்க வச்ச கைல பட்டாலும் "ஓ!" வரும், எதிராளி காலுக்கு அடிச்சு அடிச்சு அவர நொண்ட வச்சிருப்பார், அதுக்கு மூணாவது ரவுண்டுல ஒரு ரீப்ளே. இதுல டேனியல் கோர்மியர் மாதிரி ஆளுங்க ஃபைட்டரா இருக்கும்போதே கமென்ட்ரிக்கும் உக்காந்தாங்க, சில பேரோட ஒரே ஜிம்முல ட்ரெய்னிங் பண்ணிட்டு. எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் நண்பன் அடி வாங்கும்போது குரல் மாறும்.

கமென்ட்ரிக்கு எவ்வளவு பவர்னு ஒரு தடவ நேராவே தெரிஞ்சுச்சு. 2020 மே 9, கொரோனா நேரம், ஜாக்சன்வில்ல யூஎஃப்சி 249, ஆள் இல்லாத அரங்கம். பக்கத்துல உக்காந்து பேசறது கூண்டுக்குள்ள வரைக்கும் கேக்குது. க்ரெக் ஹார்டிக்கும் யோர்கன் டி காஸ்ட்ரோவுக்கும் சண்டை, முதல் ரவுண்டுல ஹார்டி கால் கிக்கா வாங்கிட்டு இருந்தார். இந்த கிக்க செக் பண்ணணும், அதாவது காலத் தூக்கித் தடுக்கணும்னு கோர்மியர் மைக்குல சொன்னது ஹார்டி காதுல விழுந்து அவரும் செக் பண்ண ஆரம்பிச்சிட்டார், சண்டைய ஜெயிச்சார், ஜெயிச்ச கையோட கோர்மியருக்கே தேங்க்ஸ் சொன்னார். டி காஸ்ட்ரோ நிலைமைய யோசிச்சுப் பாருங்க, அவருக்கு எதிரா கூண்டுக்கு வெளில ஒரு முன்னாள் சாம்பியன் கோச்சிங் குடுத்திருக்கார், அவருக்குத் தெரியாம, வேணும்னு யாரும் நினைக்காம.

சாதாரணமா கூட்டம் இருக்கும்போது ஜட்ஜுக்கு கமென்ட்ரி கேக்காது. வீட்ல உக்காந்து பாக்கற நமக்குத்தான் முழுசா கேக்குது. அதனால ஜட்ஜ் ஒரு சண்டைய பாத்திருக்கார், நாம வேற ஒரு சண்டைய கேட்டிருக்கோம். ரிசல்ட் வந்ததும் ஏற்படற அதிர்ச்சில பாதி இதுல இருந்து வருது.

பேச்ச விடுங்க, நம்பர் பொய் சொல்லாதே? பஞ்ச் கவுன்ட் பாத்தா தெரிஞ்சிடும்ல?

நம்பர எண்றதும் மனுஷங்கதான். பாக்ஸிங்ல 1985ல வந்த கம்ப்யூபாக்ஸ்ல ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க, ஆளுக்கு ஒரு பாக்ஸர், கைல நாலு பட்டன்: ஜாப் பட்டுச்சு, ஜாப் படல, பவர் பஞ்ச் (ஜாப் தவிர மத்த குத்து) பட்டுச்சு, படல. அவ்வளவுதான். நொடிக்கு மூணு நாலு பஞ்ச் போகும்போது க்ளவ்ல பட்டதா மூஞ்சில பட்டதான்னு அந்த நிமிஷம் முடிவு பண்ணி அமுக்கணும். கணக்குல மெதுவா தட்டினதுக்கும் ஒண்ணு, தாடை கலங்கினதுக்கும் ஒண்ணு.

வித்தியாசம் ரொம்பப் பெருசா இருந்தா மட்டும் நம்பர் பேசும். 1988 சியோல் ஒலிம்பிக் ஃபைனல், அமெரிக்காவோட ராய் ஜோன்ஸ் ஜூனியர், எதிர்ல தென்கொரியாவோட பார்க் சி ஹன். அமெரிக்க டிவி என்பிசி கணக்குல ஜோன்ஸ் 86 பஞ்ச், பார்க் 32. ஜட்ஜுங்க 3-2ன்னு தங்கத்த பார்க்குக்கு குடுத்தாங்க. போட்டியோட சிறந்த பாக்ஸர் கோப்பைய ஜோன்ஸுக்கே குடுத்தாங்கன்னா நிலைமைய புரிஞ்சுக்கலாம். லஞ்சம் குடுத்ததுக்கு ஆதாரம் இல்லன்னு 1997ல ஒலிம்பிக் கமிட்டி சொல்லிடுச்சு, ஆனா அந்த ரிசல்ட்ட சரின்னு சொல்ற ஆள தேடித்தான் பிடிக்கணும்.

40க்கு 38ன்னு வந்தா அந்த நம்பர வச்சு சண்டை போடாதீங்க, எம்எம்ஏல இன்னும் மோசம், கீழ போட்டு அமுக்கி வச்சு தட்டற சின்ன சின்ன அடியும் எண்ணிக்கைல ஏறிடும்.

"ராபரி"ன்னு ஹெட்லைன் போட்டா அத நம்பலாமா?

ராபரின்னா ஜெயிச்சவர்கிட்ட இருந்து ஜட்ஜுங்க வெற்றிய திருடிட்டாங்கன்னு அர்த்தம். வாரா வாரம் ராபரின்னு போட்டா நெஜ ராபரிக்கு வார்த்தை இல்லாம போயிடும். மூணு ரவுண்டு சண்டைல ஒரே ஒரு ரவுண்டு மாறினா ரிசல்ட்டே தலைகீழ், அப்படி இழுபறியான ரவுண்டு நிறைய சண்டைல இருக்கு, அதெல்லாம் கருத்து வேறுபாடு.

ஆனா 2022 டிசம்பர்ல யூஎஃப்சி 282, பேடி பிம்ப்ளெட் ஜாரெட் கோர்டன் சண்டை எடுங்க. பிம்ப்ளெட் லிவர்பூல்ல இருந்து வந்த பெரிய ஸ்டார், கம்பெனி தூக்கி விட்டுக்கிட்டிருந்த ஆள். ரவுண்ட ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்குப் பெரும்பாலும் 9, இதுதான் ஸ்கோர் முறை. மூணு ஜட்ஜும் 29-28 பிம்ப்ளெட்னு போட்டாங்க. அன்னிக்கு ஸ்கோர் போட்ட ரிப்போர்ட்டர்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே கோர்டனுக்குத்தான் போட்டிருந்தாங்க. இந்த மாதிரி பத்து இருபது பேர் தனித்தனியா, ஒருத்தர பாத்து ஒருத்தர் எழுதாம போட்ட ஸ்கோர் ஒரே பக்கம் விழுந்தா அதுக்கு மதிப்பு உண்டு. ரவுண்டு முடிஞ்சதும் ஸ்கோர பப்ளிக்கா போடற ரிப்போர்ட்டர எனக்குப் பிடிக்கும், ரிசல்ட் வந்தப்புறம் மாத்தி பேச முடியாதே.

ரேங்கிங்க பத்திரிகைக்காரங்கதானே போடறாங்க, அப்ப அது நடுநிலைதானே?

2013 பிப்ரவரில யூஎஃப்சி ஒரு பேனல் வச்சு ஆரம்பிச்சாங்க, மீடியா ஆளுங்க ஓட்டு போடறாங்கன்னு. கேக்க நல்லாருக்கு. ஆனா பேனல யாரு சேக்கறா? கம்பெனி. பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் தளங்கள் பல ஓட்டு போட மாட்டோம்னு ஒதுங்கிடுச்சு, காரணம் ரொம்ப நேரானது, நாம போடற நம்பர வச்சு ஒருத்தருக்கு டைட்டில் சான்ஸ் கிடைக்குது இல்ல போகுதுன்னா நாம செய்திய சொல்றவங்களா இல்ல செய்தில ஒரு ஆளா? அந்த ஒதுங்கல் எனக்கு ரொம்ப சரியா படுது.

இது எங்க போய் முடியும்னு பாக்க 1977க்குப் போங்க. அமெரிக்காவுல ஏபிசி டிவி காசு போட்டு, ப்ரொமோட்டர் டான் கிங் நடத்தின யுனைடெட் ஸ்டேட்ஸ் பாக்ஸிங் சாம்பியன்ஷிப். முதல் ஷோவ யுஎஸ்எஸ் லெக்ஸிங்டன் போர்க்கப்பல் மேல வச்சு நடத்தினாங்க, அவ்வளவு ஆடம்பரம். யார சேக்கறதுன்னு தீர்மானிக்க நம்பினது தி ரிங் பத்திரிகையோட ரேங்கிங்கத்தான். 1922ல நாட் ஃப்ளைஷர் ஆரம்பிச்சது, பாக்ஸிங்கோட பைபிள்னே பேரு. அந்த பைபிள்லதான் நடக்காத சண்டைல ஜெயிச்சதா ரெக்கார்ட் ஏறியிருந்துச்சு, ரேங்கிங்ல வரவே தகுதி இல்லாதவங்க எல்லாம் உள்ள.

இத கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? ஒருத்தர் ஏபிசிலயே வேலை பாத்த அலெக்ஸ் வாலாவ், லிஸ்ட்ட உக்காந்து சரி பாத்து இவங்கள்ல பாதி பேர் இங்க இருக்கவே கூடாதுன்னு மேலிடத்துக்கு எழுதினவர். இன்னொருத்தர் மால்கம் ஃப்ளாஷ் கார்டன், நியூயார்க்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன் வாசல்ல நின்னு தானே ரோனியோ பண்ண பேப்பர வித்தவர். அவருக்கு ப்ரொமோட்டர் தயவு ஒண்ணும் தேவைப்படல. பெரிய பத்திரிகை உள்ள உக்காந்து சான்றிதழ் குடுக்குது, வாசல்ல பேப்பர் விக்கறவர் இது பொய்னு எழுதறார்! அதே போட்டில, மேரிலண்ட் அன்னாபொலிஸ்ல தோத்ததா அறிவிச்ச பாக்ஸர் ஸ்காட் லெடூ கோவத்துல எட்டி உதைச்சு, லைவ்ல இருந்த ஏபிசி கமென்டேட்டர் ஹோவர்ட் கோசல் தலைல வச்சிருந்த டோப்பாவே பறந்துடுச்சு. ஏப்ரல்ல ஏபிசி போட்டிய நிறுத்திடுச்சு.

இப்ப தி ரிங் யாருகிட்ட இருக்கு?

2007ல கோல்டன் பாய்னு ஆஸ்கர் டி லா ஹோயாவோட ப்ரொமோஷன் கம்பெனி சம்பந்தப்பட்டவங்க வாங்கினாங்க. 2024 கடைசில சவுதியோட துர்கி அல் ஷேக் வாங்கினார், இன்னிக்கு பாக்ஸிங்ல பெரிய பெரிய சண்டைக்கெல்லாம் காசு போடறவரே அவர்தான். எழுதறவங்கள்ல நல்லவங்க இருக்காங்க, படிக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். ரியாத் சண்டை பத்தி படிக்கும்போது ஓனர் யாருன்னு ஞாபகத்துல வச்சுட்டுப் படிங்க.

கறுப்பின வீரர்கள பத்தி எழுதினதுல பாரபட்சம் இருந்துச்சுன்னு சொல்றாங்களே?

இருந்துச்சு, ஒளிவு மறைவே இல்லாம. 1908 டிசம்பர்ல சிட்னில ஜாக் ஜான்சன் டாமி பர்ன்ஸ அடிச்சு முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். நியூயார்க் ஹெரால்டுக்கு ரிங் பக்கத்துல இருந்து எழுதின நாவலாசிரியர் ஜாக் லண்டன் அந்த ரிப்போர்ட்லயே, ரிட்டயர் ஆகி பண்ணைல இருக்கற வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸ் கிளம்பி வந்து ஜான்சன் மூஞ்சில இருக்கற சிரிப்ப துடைக்கணும்னு கூப்பிட்டார். செய்தி எழுத அனுப்பின ஆளு ஒரு பக்கத்துக்கு ஆள் சேக்கறார். 1910 ஜூலை 4, ரீனோல ஜெஃப்ரிஸ் வந்தார், பதினஞ்சாவது ரவுண்டுல விழுந்தார். அன்னிக்கு ராத்திரி அமெரிக்காவுல பல ஊர்ல கலவரம், கறுப்பின மக்கள் செத்தாங்க. 1912ல சண்டை ஃபிலிம மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு, கறுப்பர் ஜெயிக்கறத ஜனங்க பாக்கக் கூடாதுங்கறது அதுக்குப் பின்னாடி இருந்த பெரிய காரணம்.

அப்புறம் முகமது அலி. 1964ல பேர மாத்திட்டார், பெரிய பத்திரிகைங்க எல்லாம் வருஷக்கணக்கா கேஷியஸ் க்ளேன்னே எழுதிச்சு. 1967ல அவரோட மோதின எர்னி டெரல் அதே மாதிரி க்ளேன்னு கூப்பிட, ரிங்குக்குள்ள அலி ஒவ்வொரு அடிக்கும் என் பேர் என்னன்னு கேட்டு கேட்டு அடிச்சார். அது கொடூரமா இருந்துச்சுன்னு எழுதினாங்க, இருந்துச்சுதான், ஆனா மூணு வருஷமா ஒரு மனுஷன் பேர எழுத மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சதும் அதே பத்திரிகைங்கதானே.

இப்ப நேரா யாரும் அப்படி எழுத மாட்டாங்க. ஆனா இனத்த வச்சு சீண்டறதோ வெளில நடக்கற அடிதடியோ நல்லா விக்குதுன்னு தெரிஞ்சா அத "மைண்ட் கேம்"னு பேர் வச்சு ஓட்டுவாங்க. 2018ல யூஎஃப்சி ஸ்டார் கானர் மெக்ரிகர் நியூயார்க் ப்ரூக்ளின்ல, தன்னோட எதிரி ஃபைட்டர் கபீப் இருந்த பஸ் மேல ட்ராலிய தூக்கி அடிச்சார், உள்ள இருந்த ஃபைட்டர்ஸ் கண்ணாடி கிழிச்சு காயமாகி சண்டைலயே இருந்து விலகினாங்க, போலீஸ் கேஸ் ஆச்சு. சில மாசத்துல அதே வீடியோ, அவங்க ரெண்டு பேரும் மோதின யூஎஃப்சி 229 ப்ரோமோல ஓடிச்சு. காயம் பட்டவங்க அந்த ப்ரோமோவ எப்படிப் பாத்திருப்பாங்கன்னு எத்தன பேர் போய்க் கேட்டாங்க?

பெண்கள் சண்டைய பத்தின செய்தி இப்ப சரியாயிடுச்சா?

நிறைய மாறியிருக்கு. பெண்கள் யூஎஃப்சிக்கு வரவே மாட்டாங்கன்னு 2011ல யூஎஃப்சி தலைவர் டேனா வைட் கேமரா முன்னாடி சொன்னார், 2013 பிப்ரவரில ரோண்டா ரவ்சி மெயின் ஈவென்ட். ஆனா ஒரே முகத்த வச்சு விக்கற புத்தி போகல. 2016 டிசம்பர் 30, யூஎஃப்சி 207. சாம்பியன் அமாண்டா நூனெஸ், பிரேசில். பெல்ட் அவங்க இடுப்புல இருக்கு. போஸ்டர், ப்ரோமோ எல்லாத்துலயும் முன்னாள் சாம்பியன் ரோண்டா திரும்பி வர்றாங்கங்கற ஒரே பாட்டு. ரோண்டாவுக்கு மீடியா கடமைல இருந்தும் விலக்கு குடுத்துட்டாங்க. 48 நொடில நூனெஸ் முடிச்சாங்க. மறுநாள் செய்திலயும் தலைப்பு பெரும்பாலும் ரோண்டா தோத்தாங்கன்னுதான், நூனெஸ் ஜெயிச்சாங்கன்னு கம்மி. நூனெஸ் எப்படி ஜாப் போட்டு தூரத்த பிடிச்சாங்க, ரோண்டா தலைய நகத்தாம நேரா நின்னது எப்படி அவங்களுக்கு வசதியாச்சு, அத எழுத வேண்டிய நாள் அது.

பாரிஸ் 2024 இன்னும் மோசம். அல்ஜீரியாவோட இமான் கெலிஃபோட சண்டைய இத்தாலியோட ஏஞ்சலா கரினி 46 நொடில விட்டுட்டாங்க, அன்னிக்கே உலகம் முழுக்க கெலிஃப "ட்ரான்ஸ்ஜெண்டர்"னு எழுதினாங்க. அவங்க ட்ரான்ஸ்ஜெண்டர் இல்ல, பொண்ணா பொறந்து பொண்ணா வளந்தவங்க. பாஸ்டன் க்ளோப் அச்சு ஹெட்லைன்லயே அப்படிப் போட்டு அப்புறம் மன்னிப்பு கேட்டுச்சு. யாரு எந்தப் பிரிவுல சண்டை போடலாம்ங்கற விதி பத்தி வாதம் பண்ணலாம், 2025ல வேர்ல்ட் பாக்ஸிங்ங்கற சர்வதேச அமைப்பு மரபணு டெஸ்ட்ட கட்டாயமாவும் ஆக்கிடுச்சு. அதுக்காக சரி பாக்காத ஒரு சொல்ல ஒரு ஆள் மேல ஒட்டலாமா? கேள்விய எழுதறது வேற, தீர்ப்ப எழுதறது வேற. நம்ம தமிழ் சேனல்கள்லயும் அந்த வாரம் வெளிநாட்டு ஹெட்லைன அப்படியே எடுத்து ஓட்டினாங்க, எத்தன பேர் திருத்தம் போட்டாங்கன்னு நீங்களே தேடிப் பாருங்க.

இந்திய ஃபைட்டர்ஸ நம்ம மீடியா எப்படி எழுதுது?

"முதல் இந்தியர்"னு எழுதும், அதோட சரி. அன்ஷுல் ஜூப்ளி 2023 பிப்ரவரில, யூஎஃப்சிக்குள்ள நுழையறதுக்கான ரோட் டு யூஎஃப்சி போட்டிய ஜெயிச்சு கான்ட்ராக்ட் வாங்கினப்ப எல்லா இடத்துலயும் செய்தி. அக்டோபர்ல அபுதாபில மைக் ப்ரீடன்கிட்ட மூணாவது ரவுண்டுல நாக்அவுட் ஆனார், ஏன் தோத்தார், எந்த இடத்துல களைச்சார்னு படிக்கணும்னா வெளிநாட்டு சைட்டுக்குத்தான் போகணும். 2024 ஜூன்ல லூயிவில்ல பூஜா தோமர் யூஎஃப்சில ஜெயிச்ச முதல் இந்தியப் பெண் ஆனாங்க, அது ஸ்ப்ளிட் டிசிஷன், அதாவது ஒரு ஜட்ஜ் எதிராளிக்குப் போட்டிருக்கார். அந்த இழுபறிய விளக்கி எழுதினா பூஜாவுக்கு மதிப்பு கூடுமே தவிர குறையாது. சொந்த நாட்டுப் பாசமும் பாரபட்சம்தான், அது ஃபைட்டருக்கே உதவாது, ஏன்னா எங்க முன்னேறணும்னு அவங்கள சுத்தி யாரும் சொல்லல.

நம்ம சிலம்பத்துக்கு?

சிலம்பத்துக்கு வேற மாதிரி அநியாயம். 2024 ஜனவரில சென்னை, மதுரை, திருச்சி, கோவைன்னு நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டில சிலம்பம் செய்முறை விளையாட்டா இருந்துச்சு. டிவில வந்தது பெரும்பாலும் கம்பு சுத்தற அழகு, பாரம்பரியம், பண்பாடு. நெருப்பு வச்சு சுத்தினா கேமரா உடனே ஓடும். தொடுமுறைல ரெண்டு பேர் நேருக்கு நேர் நிக்கும்போது தொட்டா பாயிண்ட், எந்த இடத்த தொட்டாங்க, எப்படி தடுத்தாங்க, யாரு எத்தன பாயிண்ட்ல ஜெயிச்சாங்க, அது செய்தில வராது. ஸ்கோர் எழுதாத விளையாட்ட எப்படி விளையாட்டா மதிப்பாங்க? பாராட்டற மாதிரியே ஓரங்கட்டறது இது. அந்தப் பசங்களும் வெயிட் பிரிவு, ட்ரெய்னிங், காயம், தோல்வி எல்லாம் பாத்துதான் வர்றாங்க.

சம்பளம் பத்தி பிரஸ் மீட்ல ஏன் யாரும் கேக்கறதில்ல?

கேக்கறவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கு மரியாதை. ஆனா 2014 டிசம்பர்ல முன்னாள் ஃபைட்டர்ஸ் யூஎஃப்சி மேல ஏகபோக வழக்கு போட்டாங்க, பத்து வருஷம் ஓடிச்சு, 2025 பிப்ரவரில 37.5 கோடி டாலர் சமரசத்துக்கு கோர்ட் ஓகே சொல்லிச்சு. வருமானத்துல ஃபைட்டருக்குப் போறது கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குதான்னு அந்த வழக்குல வந்த கணக்கு, என்பிஏல பாதிக்குப் பக்கம் வீரர்களுக்குப் போகுது. இது இந்த ஸ்போர்ட்டோட ரொம்பப் பெரிய செய்தி, யாரு யார ட்விட்டர்ல திட்டினாங்கங்கறதுக்கு கிடைச்ச இடத்துல ஒரு பங்கு கூட இதுக்குக் கிடைக்கல. 2016 ஜூலைல கம்பெனி 400 கோடி டாலருக்கு கை மாறிச்சு, 2026ல இருந்து பாராமவுன்ட்டோட ஏழு வருஷத்துக்கு 770 கோடி டாலர் டீல். இந்த நம்பர் எல்லா இடத்துலயும் கொண்டாட்டமா வந்துச்சு. ப்ரிலிம்ஸ்ல, அதாவது மெயின் கார்டுக்கு முன்னாடி நடக்கற சின்ன சண்டைங்கள்ல, முதல் சண்டை போடற ஆளுக்கு இதுல எவ்வளவுன்னு அதே செய்தில ஒரு பாரா போட்டா போதும்.

எதுக்குப் பொய் எழுதறாங்கன்னு தேடிட்டு இருக்கறத விட, எத கேக்காம விடறாங்கன்னு பாருங்க. நான் செய்தி படிக்கறதே இப்ப அப்படித்தான்.

யூட்யூப், போட்காஸ்ட் ஆளுங்க யாருக்கும் கட்டுப்படல, அவங்க நேர்மையா இருப்பாங்கல்ல?

சில பேர் ரொம்ப நல்லா பண்றாங்க, ஒரு கால் எங்க வச்சார்ங்கறத நிறுத்தி நிறுத்தி காட்டி விளக்கற சேனல் எல்லாம் பெரிய ஸ்போர்ட்ஸ் சேனல விட மேல. ஆனா பெட்டிங் ஆப் ஸ்பான்சர் இருக்கா பாருங்க, ஃபைட்டர தூக்கி வச்சு பேசறவர் அதே ஃபைட்டரோட பேட்டிக்குக் காத்திருக்காரா பாருங்க. ஃபைட்டர்ஸே நடத்தற போட்காஸ்ட்ல உள்விஷயம் நிறைய வரும், சொந்த ஜிம் ஆள பத்தி மட்டும் குறை வராது.

அப்ப ஹெல்வானி மாதிரி ஆளுங்க மட்டும் சுத்தமா?

அவருக்கு நடந்தது அநியாயம், அதுக்காக அவர் எழுதறதெல்லாம் வேதம்னு ஆகாது. முதல்ல செய்தி போடணும்ங்கற ரிப்போர்ட்டருக்கு அத குடுக்கறது பெரும்பாலும் மேனேஜர். மேனேஜர் சும்மா குடுப்பாரா? தன் ஃபைட்டர் பேர் நல்லா வரணும், கம்பெனிகிட்ட பேரம் பேச ஒரு பிடி வேணும். "இவருக்கு டைட்டில் சண்டை பேச்சுவார்த்தை நடக்குது"ன்னு ஒரு செய்தி வந்தா அது மேனேஜர் விட்ட காத்தாடியா கூட இருக்கும். இது எந்த தனி ஆளு மேலயும் குத்தம் இல்ல, அந்த வேலையோட அமைப்பு அப்படி. கம்பெனி பக்கம் சாயறது ஒரு பாரபட்சம்னா, செய்தி குடுக்கறவங்க பக்கம் சாயறது இன்னொண்ணு.

சரி, சும்மா பாக்கற ஒரு ரசிகன் என்ன பண்ண முடியும்?

அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு சண்டைய மட்டும் சவுண்ட ம்யூட் பண்ணிட்டுப் பாருங்க. பேப்பர்ல ரவுண்டுக்கு ரவுண்டு 10-9 எழுதுங்க, ஃபோன தொடாதீங்க, ரிசல்ட் வந்தப்புறம்தான் மத்தவங்க ஸ்கோர பாக்கணும். அப்புறம் அதே சண்டைய சவுண்டோட ரீப்ளே போட்டு, எந்த அடிக்கு கத்தினாங்க, எந்த அடிக்கு கத்தலன்னு பாருங்க. செய்தில "தெரிய வந்துள்ளது"ன்னு மொட்டையா வந்தா யாரு சொன்னதுன்னு தேடுங்க. தமிழ்ல தப்பா வந்தா ஆசிரியருக்கு எழுதுங்க, கோவமா இல்லாம, தேதி, பேரு, ஸ்கோர் எல்லாம் போட்டு, நாலு வரில.